திங்கட்கிழமை ரத்தம்

எத்திராஜுக்குப் பேய் என்றால் பயம். அந்தப் பயத்தை மூடி வைக்கத்தான் அவன் ஓயாமல் பேசுகிறான் என்பது துப்பறியும் வேலையில் அவனுடைய முதலாளியான பிரிஜெட்டுக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் அவனை வெறும் வாயாடி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை.

அன்று திங்கட்கிழமை காலை. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஆனேக்கல் போகிற சாலையில் இருந்த அந்தத் தனியார் ஆய்வகத்தின் மஞ்சள் அறைக்குள் கால் வைத்ததும், அவன் வாயே உலர்ந்துவிட்டது. அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வெள்ளித்தாள் சுற்றிய பாட்டில்கள். மேலே எரிந்த விளக்குகள் எல்லாமே மஞ்சள். அந்த வெளிச்சத்தில் நின்றவர்களின் முகமெல்லாம் இழவு வீட்டில் குளிப்பாட்டி உட்கார வைத்த முகம் மாதிரி இருந்தது.

“அக்கா, என் சட்டையப் பாருங்க. மர்ஃபி டவுன்ல கெளம்பும்போது மஞ்சள். இங்க வந்தா வெள்ளை. உள்ள வந்த உடனே எனக்குக் கோடித்துணி போத்திட்டாங்க,” என்றான் பிரிஜெட்டின் காதோரமாக.

வெளியாட்கள் முன்னால் அவளை ‘மேடம்’ என்பான். பயம் வந்துவிட்டால் மேடம் அக்காவாகிவிடுவாள்.

“வைட்டமினுக்கு வெள்ளை வெளிச்சம் ஆகாது சார். கெட்டுடும். அதுக்குத்தான் இந்த லைட்டு,” என்று விளக்கினாள் இளவேனில். சொல்லி முடித்த கையோடு அறையை விட்டு வெளியே ஓடி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இவர்களை இங்கே வரவழைத்தவள் அவள்தான். முந்தின நாள் பிரிஜெட் கோவிலில் பூசை முடிந்து வீடு திரும்பியபோது, வாசலில் இந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தருமபுரிக்காரி, பொம்மனஹள்ளியில் பி.ஜி. ஹாஸ்டலில் இருக்கிறாள், வேதியியல் படித்தவள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்ணீர் கேட்டாள். குடித்தாள். மறுபடியும் கேட்டாள்.

“மேடம், தமயந்தி அக்கா என்னைக் கூப்பிடறாங்க. நான் போறதுக்குள்ள ஏன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க,” என்றாள்.

தமயந்தி அந்த ஆய்வகத்தின் மூத்த வேதியியலாளர். இளவேனிலுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள். தீபாவளிக்கு முன்னால் அவளுக்குத் தீராத தாகம் பிடித்தது. பிறகு வாந்தி. பிறகு பேச்சுக் குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் போய், கடைசியில் சிறுநீரகம் நின்றுபோய் இறந்துவிட்டாள். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். வைட்டமின் டி அளவுக்கு மீறி உள்ளே போனால் அப்படி ஆகுமாம். வைட்டமின் டி-யைச் செய்கிறவளே அவள் என்பதால், கை தவறி உள்ளே போயிருக்கும் என்று எல்லாரும் முடித்துக்கொண்டார்கள். தானாகவே விழுங்கியிருப்பாள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

இப்போது அதே தாகம் இளவேனிலுக்கு. அதே குமட்டல். மத்தியானத்தில் தலை சுற்றுகிறது, தன் பேரே மறந்துபோகிறது.

“நானும் கெமிஸ்ட்தான் மேடம், எனக்கும் தெரியும் இது என்னன்னு. ஆனா அக்கா செஞ்ச பொருளை நான் தொட்டதே இல்ல. அவங்க போனதும் பூட்டிட்டாங்க. தொடாத பொருள் உள்ள போகுமா? டெஸ்ட் எடுக்கவே பயமா இருக்கு. இன்னொண்ணு, ஒவ்வொரு திங்கக்கிழமையும் அக்கா மெஷின்ல வராங்க.”

மெஷினில் வருகிறாள் என்றதும் எத்திராஜ் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அந்த மெஷின் இப்போது அவன் எதிரே இருந்தது. மஞ்சள் அறைக்கு அடுத்த அறையில், ஃபிரிட்ஜ் அளவுக்கு, ஹோவென்ற இரைச்சலோடு. மூலக்கூறுகளை எடை போடும் மெஷின் அது. அதன் தலையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. கடவுள் படத்துக்கு வாங்கிய மல்லிகைச் சரம் ஒரு மூலையில் காய்ந்து தொங்கியது.

“படிச்சவங்க லேப்புன்னு சொன்னாங்களே,” என்றான் எத்திராஜ்.

“படிச்சவங்களுக்குத் தான் சார் பயம் ஜாஸ்தி,” என்றான் மெஷினை ஓட்டும் மஞ்சுநாத். கன்னடக்காரன், தமிழை நிதானமாக, யோசித்து யோசித்துப் பேசுவான். “நான் பூஜை பண்ணேன், ப்ரஹ்லாத் சார் பேடா, வேணாம்னு சொல்லலை. அவரே இந்த நிம்பேஹண்ணு வாங்கிட்டு வந்தார்.”

ப்ரஹ்லாத்தான் ஆய்வகத்தின் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரவில் தூங்கி நாளாகியிருக்கும் என்று தோன்றியது. துப்பறிய ஆள் வருகிறார்கள் என்றதும் அவர் மறுக்கவில்லை. மாறாக, ஆறுதலாக இருந்ததுபோல் கைகுலுக்கினார்.

“யாரோ விளையாடறாங்க மேடம். கண்டுபிடிச்சுட்டீங்கன்னா எனக்குத்தான் முதல்ல நல்லது,” என்றார்.

“என்ன விளையாட்டுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க,” என்றாள் பிரிஜெட். “நான் பத்தாவதுல கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு ஜபமாலையோட போனவ.”

ப்ரஹ்லாத் சொன்னார். தமயந்தி செய்தது சாதாரண வைட்டமின் இல்லை. ஹைட்ரஜன் இருக்க வேண்டிய சில இடங்களில் கனமான ஹைட்ரஜனை வைத்து, படிப்படியாகக் கட்டிய வைட்டமின் டி. குணத்தில் வித்தியாசம் இல்லை, எடை மட்டும் கூடுதல். அதனால் ரத்தத்தில் கலந்தாலும் மெஷின் தனியாகக் கண்டுபிடித்துவிடும். வைட்டமின் உள்ளே போனதும் கல்லீரல் அதில் ஓர் ஆக்சிஜனை ஒட்டி வேறு வடிவத்துக்கு மாற்றும். அந்த மாறிய வடிவத்தையும் தமயந்தி தன் கையாலேயே செய்து வைத்திருந்தாள், மெஷினுக்கு அடையாளம் காட்ட. அவளைத் தவிர யாருக்கும் அந்த வித்தை வராது. அவள் போனதோடு எல்லாப் பாட்டிலும் பூட்டி வைக்கப்பட்டது.

“திங்கட்கிழமை மெஷினைத் தொடங்கும்போது முதல்ல வெறும் ரத்தம் கொடுப்போம். அதுல தமயந்தி பொருளோட எடையில ஒண்ணும் வரக்கூடாது. கோடு தட்டையா போகணும். அப்பதான் மெஷின் சுத்தம்னு அர்த்தம்.”

“இப்ப?”

மஞ்சுநாத் திரையைக் காட்டினான். தட்டையாகப் போய்க்கொண்டிருந்த பச்சைக் கோடு ஓரிடத்தில் தயங்கியது. பிறகு ஏறத் தொடங்கியது. ஏறி, உச்சிக்குப் போய், மெல்ல இறங்கியது. அந்த மாறிய வடிவத்தின் எடை. மஞ்சுநாத் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இளவேனில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் வாந்தியெடுக்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

“போன வாரத்தை விட ஜாஸ்தி,” என்றான் மஞ்சுநாத் மெதுவாக. “வாரா வாரம் ஏறுது.”

எத்திராஜுக்கு நாலு ஹாஸ்யம் தோன்றியது. ஒன்றும் வெளியே வரவில்லை. செத்துப்போன ஒரு பெண்பிள்ளை வாராவாரம் ஒரு படி ஏறி வருகிறாள் என்பதை அவனால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

“வாஷ் பண்ணு,” என்றார் ப்ரஹ்லாத். “திரும்பவும் வாஷ் பண்ணு.”

“எத்தனை தடவை கழுவினீங்க?” என்று கேட்டாள் பிரிஜெட்.

“கணக்கே இல்ல. குழாய் மாத்தியாச்சு, உள்ள இருக்கற உருளையை மாத்தியாச்சு, பம்ப்பைப் பிரிச்சாச்சு. எங்க ஃபீல்ட்ல இது சகஜம் மேடம். முன்னாடி ஓட்டின பொருள் எங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கும்.”

“சரி. மெஷினைக் கழுவினீங்க. ரத்தம் யாருது?”

ப்ரஹ்லாத் அவளையே பார்த்தார்.

“எங்க ரத்தந்தான் மேடம்,” என்றான் மஞ்சுநாத். “திங்கக்கிழமை காலைல எல்லாரும் ஆளுக்கு ஒரு ட்யூப் குடுப்போம். எல்லாம் ஒண்ணாக் கலக்கி, அதைத்தான் வெறும் ரத்தம்னு ஓட்டறது. மொதல்லேர்ந்து அப்படித்தான்.”

“கலக்காம, ஒவ்வொரு ட்யூபையும் தனித்தனியா ஓட்டு.”

“அது வேண்டாத வேலை,” என்றார் ப்ரஹ்லாத் உடனே. “அழுக்கு மெஷின்லதான் இருக்கு.”

“இருக்கட்டும் சார். மெஷின்ல இருந்தா எல்லா ட்யூப்லயும் வரும். வந்துட்டா நான் கும்பிடு போட்டுட்டுப் போயிடறேன்.”

ப்ரஹ்லாத் ஃபோன் வந்ததாகச் சொல்லிக்கொண்டு தன் அறைக்குப் போனார். ஃபோன் அடித்த சத்தம் எத்திராஜுக்குக் கேட்கவில்லை. அதை அவன் மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

மஞ்சுநாத் ஒவ்வொரு ட்யூபாக ஏற்றினான். முதலில் அவனுடையது. கோடு தட்டையாகப் போனது. அடுத்தது வரவேற்பறை வீணாவுடையது. அதுவும் தட்டை. ப்ரஹ்லாத்தின் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை.

“பேய்க்கு ஆள் பார்த்து வர்ற புத்தி இருக்குக்கா,” என்றான் எத்திராஜ். பேச்சு திரும்பி வந்துவிட்டதில் அவனுக்கே நிம்மதி.

“மஞ்சுநாத், தமயந்தியும் இப்படி ரத்தம் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க மேடம். கடைசில மட்டும் கலக்கறதில்லை. அவங்களுக்கு மை, உடம்பு சரியில்ல, அவங்க ட்யூபை எங்கிட்ட குடுன்னு சாரே தனியா வாங்கிக்குவார்.”

பிரிஜெட் தலையை ஆட்டினாள். கழுத்துச் சிலுவையை விரலால் நெருடினாள். அவள் அப்படி நெருடினால் யாரோ ஒருவருக்குக் கெட்ட காலம் என்று எத்திராஜுக்குத் தெரியும்.

கடைசி ட்யூப் இளவேனிலுடையது. அவள் வந்து எத்திராஜின் பக்கத்தில் நின்றாள். அவள் கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அவள் உணரவில்லை. கோடு தட்டையாக நகர்ந்தது. தயங்கியது. பிறகு, திரையின் மேல் விளிம்பில் முட்டுகிற வரை ஏறியது.

“அய்யோ தேவரே,” என்றான் மஞ்சுநாத்.

இளவேனில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “என்னுள்ள வந்துட்டாங்க,” என்றாள். “அக்கா எனக்குள்ளயே வந்துட்டாங்க.”

“எழுந்திரு,” பிரிஜெட் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். “உள்ள வந்தது அக்கா இல்ல, அக்கா செஞ்ச வைட்டமின். உன் கல்லீரல் அதை மாத்தி வெச்சிருக்கு. நீதான் கெமிஸ்ட், நீயே சொல்லு. வாயால சாப்பிடாம அது நடக்குமா?”

“நடக்காது. ஆனா நான் எதையும்...”

“பி.ஜி.ல எல்லாரும் திங்கற சோத்தைத் தான் நீயும் திங்கற. அவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. உனக்குன்னு தனியா என்ன சாப்பிடற?”

இளவேனில் தலையைக் குனிந்துகொண்டாள். திருடி மாட்டிக்கொண்ட குழந்தையின் முகமாக அது மாறியது.

“நெய்,” என்றாள்.

தமயந்தி பேன்ட்ரி அலமாரியில் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் நெய் வைத்திருப்பாள். வீட்டில் அவளே காய்ச்சியது. மத்தியானம் சாப்பிடும்போது தன் சாதத்தில் ஊற்றிக்கொண்டு, இளவேனிலின் டப்பாவிலும் ஊற்ற வருவாள். உடம்பு ஏறிவிடும் என்று இவள் தினமும் டப்பாவை மூடிக்கொள்வாள். ஒரு ஸ்பூன் நெய்யில் ஒன்றும் ஆகிவிடாது என்று அவள் தினமும் திட்டுவாள். அவள் இறந்த அன்று இவள் யாரையும் கேட்காமல் அந்தச் சம்படத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

“இருந்தப்போ வேணாம் வேணாம்னேன் மேடம். இப்ப தினமும் கொஞ்சம் சாப்பிடறேன். தீர்ந்துடக் கூடாதுன்னு சொட்டுச் சொட்டா சாப்பிடறேன்.”

எத்திராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வைட்டமின் டி எண்ணெயிலும் நெய்யிலும் கரையும் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது.

அதன் பிறகு பிரிஜெட் நிற்கவில்லை. வீணாவைக் கூப்பிட்டு, கம்பெனி கேப்பில் இளவேனிலை ஏற்றி, “நேரா ஹாஸ்பிட்டல். போற வழியில பி.ஜி.ல அந்தச் சம்படத்தை எடுத்து டாக்டர் கையில குடு. வைட்டமின் டி விஷம்னு மொத வார்த்தையா சொல்லு,” என்று அனுப்பினாள். ப்ரஹ்லாத்திடம், பெண்ணுக்கு மயக்கம், வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று மட்டும் மஞ்சுநாத்தைச் சொல்லச் சொன்னாள். நெய்யைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று மஞ்சுநாத் இல்லாத நேரமாகப் பார்த்து எத்திராஜிடமும் சொன்னாள். இளவேனில் நெய் என்று சொன்னபோது மஞ்சுநாத் அடுத்த அறைக்குப் போயிருந்தான்.

“பேன்ட்ரிக்குள்ள யார் வேணா போகலாம். சம்படத்துல யார் கலந்தாங்கன்னு தெரியாது. இன்ஸ்பெக்டர்கிட்ட போனா சாட்சி கேப்பார். நீ போய் ஒரு எவர்சில்வர் சம்படமும், ஒரு பாட்டில் நெய்யும் வாங்கிக்கினு வா. சாப்பாடும் வாங்கு, நாலு பேருக்கு.”

“கொலைகாரனைப் பிடிக்க வந்தோமா, விருந்து வைக்க வந்தோமா மேடம்?”

“ரெண்டும் ஒரே எலையிலதான்.”

மத்தியானம் பேன்ட்ரியில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மெஸ் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்ததும் சாம்பார் வாசனை வந்தது. பருப்பு, பீன்ஸ் பல்யா, அப்பளம். ப்ரஹ்லாத் பசியில்லாமல் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். பிரிஜெட் பையிலிருந்து புது சம்படத்தை எடுத்தாள். எத்திராஜ் அதைத் தரையில் தேய்த்துப் பழசாக்க ரொம்ப நேரம் பாடுபட்டிருந்தான். மூடியைத் திறந்து, எதிரே வைத்தாள்.

“இளவேனில் குடுத்துட்டுப் போனா. தமயந்தி கை நெய்யாம். பாவம், வீட்டுக்கு எடுத்துக்கினு போயி பத்திரமா வெச்சிருந்திருக்கு. சார், கொஞ்சம் ஊத்தட்டுமா?”

ப்ரஹ்லாத்தின் கை சோற்றின் மேல் அப்படியே நின்றது. அது ஒரு கணம்தான். பிறகு சிரிக்க முயன்றார்.

“வேண்டாம் மேடம். கொலஸ்ட்ரால். டாக்டர் நெய்யைக் கண்ணால பார்க்கக் கூடாதுன்னுட்டார்.”

எத்திராஜுக்கு சப்பென்று ஆகிவிட்டது. கொலஸ்ட்ரால் என்று சொன்னால் எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளும். பெங்களூரில் பாதிப் பேர் அதைச் சொல்லித்தான் நெய்யைத் தள்ளுகிறார்கள். விரித்த வலை வெறும் வலையாகப் போயிற்று என்று நினைத்தான்.

பிரிஜெட் அசரவில்லை. சம்படத்தை மஞ்சுநாத் பக்கம் நகர்த்தினாள்.

“மேடம் கை நெய்யா?” மஞ்சுநாத்துக்குக் கண் கலங்கியது. “எனக்கும் சாதத்துல ஹாக்கினாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த மொத நாளே.” சாதத்தின் நடுவில் குழி பறித்தான். தாராளமாகவே ஊற்றிக்கொண்டான். பருப்போடு சேர்த்துப் பிசைந்தான். வாசனையை முகர்ந்தான். ஒரு உருண்டையை எடுத்து வாய்க்குக் கொண்டு போனான்.

ப்ரஹ்லாத் மஞ்சுநாத்தைப் பார்த்தார். சம்படத்தைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. எத்திராஜ் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று அந்த மனிதர் ஒரு கணம் நினைத்ததை அவனால் கண்ணால் பார்க்க முடிந்தது.

“மஞ்சு!” ப்ரஹ்லாத் எழுந்து மேஜையின் குறுக்கே பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார். சோறு சுவரில் அடித்துச் சிதறியது. “திங்காதேடா! திங்காதே! வாயில வெச்சியா? துப்பு, துப்பு!”

மஞ்சுநாத் திகைத்துப்போய்க் கையை நீட்டியபடி இருந்தான். பிரிஜெட் மூடியை எடுத்துச் சம்படத்தை மூடினாள்.

“சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகியிருக்காது சார். மெயின் ரோட்டுக் கடை நெய்,” என்றாள். “தமயந்தி நெய் இப்ப டாக்டர் கையில இருக்கு. அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ப்ரஹ்லாத் நாற்காலியில் சரிந்தார். மழை பிடித்துக்கொண்டது. அவர் பேசத் தொடங்கியபோது குரல் மழைச் சத்தத்தில் பாதி அமுங்கிப்போனது. ஆனால் அவர் பேசுவதற்காகவே காத்திருந்தவர் என்று எத்திராஜுக்குத் தோன்றியது.

மனித உடம்பில் அந்த வைட்டமின் மாறுவதை மெஷின் கண்டுபிடிக்கும் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு யாராவது சாப்பிட வேண்டும். அனுமதி கேட்டுப் போட்டது வரவில்லை. தமயந்தியை முதலில் சாப்பிடச் சொன்னார். அனுமதி வராமல் முடியாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். கொஞ்சமே கொஞ்சம், கெடுதல் செய்யாத அளவு, அவளுக்கே தெரியாமல் போகட்டும் என்று ஒரு நாள் நெய்யில் கலந்தார்.

“வெள்ளை டேப் போட்ட பாட்டில்ல இருக்கறது நீர்க்கக் கலக்கினது. மஞ்சள் டேப் போட்டது கலக்காத சரக்கு. நான் வெள்ளை டேப்பைப் பார்த்துத்தான் எடுத்தேன்.”

எத்திராஜ் தன் மஞ்சள் சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

“அந்த ரூம் லைட்டுல ரெண்டும் வெள்ளையாத்தான் தெரியும் சார்,” என்றான்.

“தமயந்திக்குத் தெரியும். இளவேனிலுக்குத் தெரியும். பாட்டிலை வெளியே கொண்டு வந்து பார்த்துட்டுத்தான் எடுப்பாங்க. நான் அந்த ரூம்ல நின்னு வேலை செஞ்சு வருஷக்கணக்காச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு உள்ளேயே கலந்தேன்.” அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். “அவ ட்யூப்ல அந்தக் கோடு ஏறினப்போ நான் சந்தோஷப்பட்டேன் மேடம். கைதட்டினேன். அவ அப்போ வெளியில தண்ணி குடிச்சிட்டிருந்தா.”

“எப்ப தெரிஞ்சுது?”

“அவளை ஐ.சி.யூ.ல சேர்த்த அன்னைக்கு. பாட்டிலை வெளிச்சத்துல எடுத்துப் பார்த்தேன். மஞ்சள்.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

அவர் தலை இல்லை என்று அசைந்தது. மஞ்சுநாத் மெல்ல எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டு, விசும்பி விசும்பி அழுதான்.

“அவ போன மறுநாள் அந்தச் சம்படத்தைத் தேடினேன். அலமாரியில இல்ல. அப்புறம் திங்கட்கிழமை அந்தக் கோடு வந்துது. அவளே எடுத்துட்டுப் போயிட்டா, எனக்காகத் திரும்பி வராளோன்னு நினைச்சேன்.”

“ரத்தம் யாருதுன்னு கேக்க உங்களுக்குத் தெரியாதா சார்? இந்த மெஷினை எனக்கு வெளக்கிச் சொன்னவரு நீங்கதான்.”

“தெரியும்,” என்றார் ப்ரஹ்லாத். “பேயா இருந்தா என் ஒருத்தனோட போயிடும். ரத்தமா இருந்தா இன்னொருத்தர் சாகறாங்கன்னு அர்த்தம். அதனால பேய்னே நம்பினேன்.”

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பாவின் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனபோதும் மழை விடவில்லை. எத்திராஜ் மெஷின் அறையைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தான். அவனுக்குக் கோபம்தான் வந்தது. பேயை நினைத்து இத்தனை நாள் பயந்தது வீண், பயப்பட வேண்டியது இந்த மாதிரி மரியாதையான மனிதர்களை நினைத்துத்தான் என்று பைக்கில் வரும் வழியெல்லாம் பொருமினான். பிரிஜெட் பின்னால் உட்கார்ந்து மழைக்கோட்டின் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் இளவேனிலின் கட்டில் நம்பரை ஃபோனில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மருத்துவமனையில் சாயங்காலக் காபி வண்டி போய்க்கொண்டிருந்தது. கால்சியம் பயங்கரமாக ஏறியிருக்கிறது, ஆனால் சிறுநீரகம் இன்னும் கைவிடவில்லை என்றார் டாக்டர். என்ன விஷம் என்று வந்தவுடனேயே சொன்னதால் மருந்தை உடனே ஆரம்பிக்க முடிந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் தாமதித்திருந்தால் அந்தப் பேச்சே வேறு. பிழைத்துவிடுவாள், ஆனால் நாள் பிடிக்கும் என்றார்.

இளவேனில் கண்ணைத் திறந்திருந்தாள். இரண்டு கையிலும் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. பிரிஜெட் கட்டிலோரம் குனிந்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். ப்ரஹ்லாத், பாட்டில், நெய். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அவளுக்கு வேறு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

“அப்போ அக்கா என்னைக் கூப்பிடலையா மேடம்?”

“இல்லம்மா.”

“மெஷின்ல வந்தது?”

“அது நீதான். வாராவாரம் நீதான் ஏறிக்கினே இருந்த.”

இனி பயமில்லை, இந்தப் பொண்ணு சிரிக்கும் என்று எத்திராஜ் எதிர்பார்த்தான். அதற்காக ஒரு நல்ல ஹாஸ்யத்தைத் தயாராகவும் வைத்திருந்தான். இளவேனில் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு அவள் உதடு கோணியது.

“அப்போ அக்கா நிஜமாவே போயிட்டாங்களா?” என்று கேட்டாள்.

தமயந்தி செத்த நாளிலிருந்து அவள் ஒரு முறைகூட அழுதிருக்கவில்லை. பயப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. இப்போது அழுதாள், பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு. நர்ஸ் ஓடி வந்தாள். பிரிஜெட் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஊசி கழன்றுவிடாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.